லண்டனிலிருந்து குறுந்தூரம், பாயிண்டில் பிசினஸ் கிளாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் வாழும் நம்மவர்களில் பலருக்கு ஐரோப்பா முழுக்கச் சொந்தக்காரர்கள். சூரிக்கில் சித்தப்பா, ஒஸ்லோவில் மாமி, கோபன்ஹேகனில் கூடப் படித்தவன். வருடத்துக்கு ஒரு கல்யாணமாவது வந்துவிடும். அப்போதெல்லாம் எழும் கேள்வி, "கார்டில் ஏவியோஸ் சும்மாதானே கிடக்கிறது, இந்தத் தடவை பிசினஸில் போனால் என்ன?" என்பது. அதை ஒட்டிப் பலரும் கேட்டவற்றுக்கான பதில்கள் இங்கே. பெரும்பாலும் பிரிட்டிஷ் ஏர்வேஸை வைத்தே சொல்கிறேன். லண்டன்காரர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அதன் பயணப் பாயிண்டான ஏவியோஸ்தான்.

ஐரோப்பாவுக்குள் பிசினஸ் கிளாஸ் என்றால் படுக்கை இருக்கையா?

இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் மிச்சம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் இதைக் கிளப் யூரோப் என்கிறது. ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தில் ஒரு வரிசைக்கு மூன்றும் மூன்றுமாக ஆறு இருக்கை. முன்பக்கம் இருப்பதும் அதே இருக்கைதான், பின்பக்கம் இருப்பதும் அதே இருக்கைதான். முன்பக்கத்தில் நடு இருக்கையில் யாரையும் உட்கார வைக்கமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். முழங்கை இடிக்காது, பையையும் கோட்டையும் நடுவில் போட்டுக்கொள்ளலாம். கால் நீட்டும் இடம் மட்டும் எக்கானமி மாதிரியேதான்.

லண்டன் சிட்டி விமான நிலையத்திலிருந்து போகும் சிறிய எம்ப்ரேயர் விமானங்களில் இரண்டும் இரண்டுமாகத்தான் இருக்கை. அங்கே நடு இருக்கையே கிடையாது. பிசினஸுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் முன்பின் தெரியாதவரோடு உட்கார வேண்டியிருக்கும்.

இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு ஏன் நல்ல இருக்கை போடக்கூடாது?

போட்டால் அந்த வரிசைகள் நிரந்தரமாகப் பிசினஸாகவே இருந்துவிடும். இப்போது உள்ள ஏற்பாட்டில் பிசினஸையும் எக்கானமியையும் பிரிக்கும் திரையை எங்கே வேண்டுமானாலும் தள்ளலாம். திங்கட்கிழமை காலை ஜெனீவா விமானத்தில் அலுவலகக்காரர்கள் கூட்டம் என்றால் திரை பின்னால் போகும். சனிக்கிழமை ஸ்பெயினுக்குப் போகும் விமானத்தில் குடும்பங்கள்தான் அதிகம் என்றால் முன்னால் வரும். லுஃப்தான்சா, சுவிஸ், ஏர் பிரான்ஸ் என்று ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகள் பலவும் செய்வது இதையேதான்.

அப்படியானால் எதற்குத்தான் எடுப்பது?

என் கருத்தில், குறுந்தூர பிசினஸில் நாம் வாங்குவது பெரும்பாலும் தரையில் நடப்பவற்றைத்தான். பெட்டி, வரிசை, லவுஞ்ச், டிக்கெட்டை மாற்றும் வசதி. இவற்றில் உங்களுக்கு எது நிஜமாகவே உதவும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இருக்கையை மறந்துவிடுங்கள்.

பெட்டியிலிருந்து தொடங்குவோம். கிளப் யூரோப்பில் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 32 கிலோ வரை. கணவனும் மனைவியுமாகப் போனால் 128 கிலோ. கைப்பையோடு வார இறுதிக்கு ரோமாபுரி பார்க்கப் போகிறவருக்கு இதனால் ஒன்றும் இல்லை. சூரிக்கில் பெண்ணின் கல்யாணம், கூறைப்புடவை, குத்துவிளக்கு, தாம்பாளம், ஈஸ்ட் ஹாமில் வாங்கிய பலகாரம் என்று கட்டி வைத்திருப்பவருக்கு இந்த ஒன்றுக்காகவே போகலாம். எக்கானமியில் கூடுதல் பெட்டிக்குக் கட்ட வேண்டியதைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு வகுப்புக்கும் உள்ள விலை வித்தியாசம் குறைந்துவிடும். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து 64 என்று நினைத்து ஒன்றில் 40 கிலோ அடைத்தால் கவுன்டரில் பிரிக்கச் சொல்வார்கள். வரிசைக்கு நடுவில் உட்கார்ந்து புடவைக்கும் முறுக்குக்கும் நடுவே தேர்வு செய்ய நேரும்.

உள்ளே கொண்டுபோகும் கைப்பைக்கு எந்தச் சலுகையும் இல்லை. எக்கானமிக்கும் அதே அளவுதான்.

அடுத்தது லவுஞ்ச். ஹீத்ரோ டெர்மினல் 5-இல் செக்-இன்னுக்குத் தனி வரிசை, பாதுகாப்புச் சோதனைக்குத் தனி வழி, அதைத் தாண்டியதும் லவுஞ்ச். உணவு, காபி, பானம் எல்லாம் கணக்கில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். வைஃபை, உட்கார நல்ல நாற்காலி எல்லாம் உண்டு. விமானம் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் இருக்கத்தான் போகிறோம். மூன்று பேர் டெர்மினலில் காலைச் சாப்பாடு சாப்பிட்டால் என்ன ஆகும் என்று பில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசி நிமிடத்தில் ஓடி வந்து விமானம் ஏறுகிறவர் நீங்கள் என்றால் இதில் ஒரு பவுண்டுகூட உங்களுக்கு மிச்சமில்லை.

ஏவியோஸ் எப்படிச் சேரும்? விமானத்தில் போனால் மட்டும்தானா?

போனாலும் சேரும். ஆனால் குடும்பஸ்தர்களுக்குக் கடையிலும் கார்டிலும் சேர்வதுதான் அதிகம். ஏவியோஸ் என்பது ஒரு கம்பெனியின் பாயிண்ட் மட்டும் இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ், 2022 முதல் கத்தார் ஏர்வேஸ், 2024 முதல் ஃபின்ஏர் என எல்லாவற்றுக்கும் பொது நாணயம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சென்ஸ்பரிஸ் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கும் சாமானுக்கு நெக்டர் என்ற கடைப் பாயிண்ட் விழும். பொதுவாக ஒரு பவுண்டுக்கு ஒன்று. 400 நெக்டர் கொடுத்தால் 250 ஏவியோஸ். இது எறும்பு சேர்க்கிற வேகம். அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) கார்டின் மெம்பர்ஷிப் பாயிண்ட் ஒன்றுக்கு ஒன்று ஏவியோஸாக மாறும். அது கொஞ்சம் வேகம். நம் ஆட்களின் சின்னக் கடைகள் பலவற்றில் அமெக்ஸ் என்றாலே முடியாது என்று தலையை ஆட்டிவிடுவார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

36 மாதம் கணக்கில் ஒரு அசைவும் இல்லாவிட்டால் ஏவியோஸ் காலாவதி ஆகிவிடும். நெக்டரிலிருந்து ஒரு சின்னத் தொகையை மாற்றினாலே போதும், கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

ஒரு ஏவியோஸின் மதிப்பு என்ன?

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. 400 நெக்டரை மாற்றாமல் கடையிலேயே கொடுத்தால் 2 பவுண்டு கழியும். அதையே மாற்றினால் 250 ஏவியோஸ். ஆக, ஒரு ஏவியோஸுக்கு நாம் கொடுத்தது 0.8 பென்ஸ். அதற்குக் கீழே மதிப்பு கிடைக்கும் எந்தப் பயணத்துக்கும் பாயிண்டைச் செலவழிப்பது, அரிசி பருப்புக்குக் கழிந்திருக்க வேண்டிய பணத்தை வீசுவதுதான்.

இனி ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு. ஒரே விமானத்தில் எக்கானமிக்கும் கிளப் யூரோப்புக்கும் 8,000 ஏவியோஸ் வித்தியாசம் என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். 8,000-ஐ 0.8 பென்ஸால் பெருக்கினால் 64 பவுண்டு. இப்போது உங்களையே கேளுங்கள்: அன்றைக்கு ஹீத்ரோவில் நிற்கும்போது யாராவது வந்து, "64 பவுண்டு கொடுங்கள், லவுஞ்சும் இரண்டாவது பெட்டியும் காலியான நடு இருக்கையும் தருகிறேன்" என்றால் பர்ஸை எடுப்பீர்களா? எடுப்பீர்கள் என்றால் தாராளமாகப் பாயிண்டைப் போடுங்கள். மாட்டீர்கள் என்றால் எக்கானமியில் போய், மிச்சத்தைச் சேர்த்து வையுங்கள்.

பிசினஸின் ரொக்க விலையோடு ஒப்பிட்டு, "400 பவுண்டு டிக்கெட்டைச் சும்மா வாங்கினேன்" என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ரொக்கமாக இருந்தால் நீங்கள் 400 பவுண்டு கொடுத்திருக்கவே மாட்டீர்களே! அந்தக் கணக்கு மனசுக்கு இதம், அவ்வளவுதான்.

எந்த ஊருக்கு எவ்வளவு பாயிண்ட்?

தூரத்தைப் பொறுத்தது. 650 மைல் வரை ஒரு படி, 1,150 மைல் வரை அடுத்த படி, 2,000 மைல் வரை அதற்கடுத்தது. சூரிக், ஜெனீவா, கோபன்ஹேகன், பெர்லின், மிலான் எல்லாம் முதல் படி. ஒஸ்லோ, ஸ்டாக்ஹோம், ரோம், மாட்ரிட் இரண்டாவது. ஏதென்ஸ், இஸ்தான்புல், தெனெரீஃப் மூன்றாவது. கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில்தான் சூட்சுமம். பிரான்சின் நீஸ் நகரம் 645 மைல், மயிரிழையில் முதல் படிக்குள் நிற்கிறது. பார்சிலோனா 700-ஐத் தாண்டுவதால் இரண்டாம் படி. பறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

பள்ளி விடுமுறை போன்ற நெரிசல் நாட்களுக்குக் கூடுதல் பாயிண்ட். பட்டியல் அவ்வப்போது மாறுவதால், தேதியைப் போட்டுத் தளத்தில் பார்ப்பதே சரி.

என்னைக் கேட்டால் முதல் படியை விட மூன்றாம் படிதான் பிசினஸுக்கு ஏற்றது. ஏதென்ஸுக்கு நாலு மணி நேரம் பக்கத்தில் ஆள் இல்லாமல், சூடான சாப்பாட்டோடு போவதில் அர்த்தம் இருக்கிறது. சூரிக்குக்குப் பெட்டி இருந்தால் மட்டும்.

பாயிண்டோடு பணமும் கேட்கிறதே, எவ்வளவு கொடுப்பது?

வரி, கட்டணங்களுக்காக ஒரு தொகை உண்டு. ஆனால் முன்பதிவின்போது பல சேர்க்கைகளைக் காட்டும்: நிறைய ஏவியோஸ் கொஞ்சம் ரொக்கம் என்பதில் தொடங்கி, கொஞ்சம் ஏவியோஸ் நிறைய ரொக்கம் வரை. ஒவ்வொரு படியிலும் எத்தனை ஏவியோஸ் குறைகிறது, எத்தனை பவுண்டு கூடுகிறது என்று பார்த்து, ரொக்கத்தைப் பாயிண்டால் வகுங்கள். 0.8 பென்ஸுக்கு மேல் வந்தால் பாயிண்டைக் கொடுங்கள், கீழே வந்தால் ரொக்கத்தைக் கொடுங்கள். தேதி மாறக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால் அடுத்த பதிலையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பயணத்தை ரத்து செய்தால் பாயிண்ட் போய்விடுமா?

போகாது. பாயிண்ட் டிக்கெட்டின் பெரிய பலமே இதுதான், ஆனால் யாரும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பு வரை ரத்து செய்யலாம். ஏவியோஸ் முழுசாகக் கணக்குக்குத் திரும்பிவிடும். ஆளுக்கு 35 பவுண்டு கட்டணம், அல்லது நீங்கள் கட்டிய வரித் தொகை, இதில் எது குறைவோ அதைப் பிடித்துக்கொள்வார்கள். ரொக்கம் மிகக் குறைவாக உள்ள சேர்க்கையைத் தேர்ந்தெடுத்திருந்தால் இழப்பதும் அந்தச் சில்லறைதான்.

இதனால் சில வேளைகளில் தைரியமாக முன்னாலேயே போட்டு வைக்கலாம். கல்யாணத் தேதி ஏறக்குறைய தெரியும், மண்டபம் இன்னும் உறுதியாகவில்லை என்றால் பாயிண்டில் இருக்கையைப் பிடித்து வைத்துக்கொண்டு பத்திரிகைக்குக் காத்திருக்கலாம். மலிவான ரொக்க டிக்கெட்டில் இந்த நிம்மதி கிடையாது.

எப்போது தேடினால் கிடைக்கும்?

பயணத்துக்கு 355 நாள் முன்பு, லண்டன் நேரம் நள்ளிரவை ஒட்டி இருக்கைகள் திறக்கும். ஹீத்ரோ, கேட்விக் வந்துபோகும் தன் ஒவ்வொரு விமானத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாயிண்ட் இருக்கைகளைக் கட்டாயம் விடுவோம் என்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் உறுதி தந்திருக்கிறது. கிறிஸ்துமஸ், ஆகஸ்ட் மாதம் என்றால் அன்றே பார்ப்பது நல்லது. போகும் தேதிக்குத் திறக்கும்போது திரும்பும் தேதி இன்னும் திறந்திருக்காது. அதனால் போவதையும் வருவதையும் தனித்தனி ஒருவழி டிக்கெட்டாகப் போடுங்கள். பாயிண்ட் கணக்கில் அதனால் நஷ்டம் இல்லை.

அப்புறம், புறப்படும் வாரத்திலும் ஒரு தடவை பாருங்கள். விற்காத பிசினஸ் இருக்கைகள் அப்போது பாயிண்டுக்கு வருவது உண்டு. துக்கத்துக்கு அவசரமாகப் போக வேண்டியிருக்கும்போது ரொக்க விலை கண்ணைக் கட்டும். பாயிண்ட் விலையோ தூரத்தைப் பொறுத்தது, அவசரத்தைப் பொறுத்தது அல்ல. சேர்த்த பாயிண்டுக்கு மிக நல்ல மதிப்பு கிடைப்பது இப்படிப்பட்ட நாட்களில்தான்.

என் கணக்கில் கொஞ்சம், மனைவி கணக்கில் கொஞ்சம். சேர்த்துப் பயன்படுத்த முடியுமா?

முடியும். ஒரே முகவரியில் இருப்பவர்கள், உங்களையும் சேர்த்து ஏழு பேர் வரை, குடும்பக் கணக்கில் இணையலாம். பிள்ளைகளையும் சேர்க்கலாம். பாயிண்ட் எல்லோரிடமிருந்தும் விகிதப்படி கழியும். சேர்ந்த பிறகு வெளியாட்களுக்கு டிக்கெட் போடக் கட்டுப்பாடு வரும், முன்கூட்டிப் பதிந்த சிலருக்கு மட்டுமே போட முடியும். ஊரிலிருந்து அண்ணா வருகிறார் என்றால் அவர் பெயரை முதலிலேயே அந்தப் பட்டியலில் போட்டு வையுங்கள்.

அமெக்ஸ் கார்டில் வரும் துணை வவுச்சரை இதற்குப் பயன்படுத்தலாமா?

முடியுமா என்பது வேறு, வேண்டுமா என்பது வேறு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிரீமியம் பிளஸ் கார்டில் வருடம் 15,000 பவுண்டு செலவழித்தால் வரும் வவுச்சர், இரண்டாவது ஆளின் ஏவியோஸை முழுசாகத் தள்ளுபடி செய்யும். தனியாகப் போனால் பாதி. சென்னைக்கு நிஜமான படுக்கை இருக்கையில் இரண்டு பேர் போக உதவும் ஒன்றை ஜெனீவாவுக்குப் போய் கரைக்க எனக்கு மனசு வராது. காலாவதி ஆகப் போகிறது என்றால் மட்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவருக்காகப் பிசினஸ் எடுக்கலாமா?

காலை நீட்டும் இடத்துக்காக என்றால் வேண்டாம், முன்பே சொன்னபடி அது எக்கானமி அளவுதான். நடப்பதுதான் சிரமம் என்றால் சக்கர நாற்காலி உதவி எந்த வகுப்பிலும் இலவசம். 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள், சோதனை வரிசையிலும் அழைத்துப் போய்விடுவார்கள். காத்திருக்கும் நேரத்தில் அமைதியாக உட்கார ஒரு இடம், பக்கத்திலேயே கழிவறை, சூடாக ஒரு தேநீர், இவைதான் வேண்டும் என்றால் லவுஞ்சுக்காக எடுக்கலாம். ஆனால் அவர் தனியாக லவுஞ்சில் உட்கார வேண்டியிருக்கும், ஏனென்றால் பிசினஸ் டிக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருவரை உள்ளே அழைத்துப் போக முடியாது. அம்மாவுக்குப் பிசினஸ், பிள்ளைக்கு எக்கானமி என்ற திட்டம் இங்கேதான் உடைகிறது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். பொதுப் பட்டியலிலேயே சைவம் ஒன்று இருக்கும். இந்திய முறைச் சைவம் வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன் முன்பதிவுப் பக்கத்தில் சொல்லி வையுங்கள். காலை விமானத்தில் சூடான சிற்றுண்டி, மதியத்துக்குப் பின் கிளம்பினால் ஸ்கோனும் ஜாமும் கிரீமுமாகத் தேநீர். பீங்கான் தட்டு, நிஜக் கத்தி முள்கரண்டி. சூரிக் விமானத்தில் மேலே ஏறி முடித்து இறங்கத் தொடங்குவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், பணிப்பெண் தட்டை எடுக்க வரும்போது பாதி ஸ்கோன் கையில் இருந்தால் ஆச்சரியமில்லை. லவுஞ்சில் காலையில் புகழ்பெற்றது பேக்கன் ரொட்டி. சைவக்காரர்கள் கஞ்சி, பழம், பேஸ்ட்ரி பக்கம் போய்விடலாம்.

பிள்ளைகளுக்கும் பிசினஸ் போடலாமா?

பாயிண்டில் போட்டால் அவர்களுக்கும் அதே பாயிண்ட்தான். ரொக்கமாக வாங்குகிறீர்கள் என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணிகளுக்கு விமானப் பயண வரி உண்டு. 2026 ஏப்ரல் முதல் குறுந்தூரத்துக்கு எக்கானமியில் 15 பவுண்டு, அதற்கு மேற்பட்ட வகுப்பில் 32 பவுண்டு. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எக்கானமியில் இந்த வரி இல்லை. பிசினஸில் உட்கார்ந்தால் பிள்ளைக்கும் 32 பவுண்டு.

ஐரோப்பாவுக்குள் நிஜமான பிசினஸ் இருக்கையே கிடையாதா?

தேடினால் உண்டு. ஐபீரியா லண்டன்–மாட்ரிட் தடத்தில் சில நேரம் நீண்டதூர ஏர்பஸ் ஏ330 அல்லது ஏ350 விமானத்தை ஓட்டுகிறது. அதில் படுக்கை இருக்கையிலேயே இரண்டரை மணி நேரம் போகலாம். ஃபின்ஏர் லண்டன்–ஹெல்சிங்கி தடத்திலும் ஏ350 வருவது உண்டு. இரண்டும் ஏவியோஸில் கிடைக்கும், முன்பதிவில் விமான வகையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். டர்கிஷ் ஏர்லைன்ஸின் சிறிய விமானங்களிலேயே முன்பக்கம் அகலமான தனி இருக்கைகள் உண்டு, ஆனால் அந்தக் கம்பெனி ஸ்டார் அலையன்ஸ் என்ற வேறு கூட்டணியில் இருக்கிறது, ஏவியோஸ் செல்லாது.

சூரிக்கிலிருந்து லண்டன் வழியாகச் சென்னைக்குப் போகிறவர்களுக்கு?

ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். பெட்டி நேராகச் சென்னைக்குப் போகும். லண்டனில் 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறினால் பிரிட்டனின் பயண வரியும் விழாது. நீண்டதூர பிசினஸ் டிக்கெட்டோடு சேரும்போது இந்தக் குறுந்தூரத் துண்டு தனியாக யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை, கூட வருகிறது, எடுத்துக்கொள்ளலாம்.

பாயிண்டில் போனால், அடிக்கடி பறப்பவர்களுக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தரும் வெள்ளி, தங்க அட்டைக்குக் கணக்கு ஏறுமா?

ஏறாது. 2025 ஏப்ரல் முதல் அந்தக் கணக்கே செலவழிக்கும் பவுண்டை வைத்துத்தான். பாயிண்டில் போகிறவருக்கு அந்த ஆசை வேண்டாம்.

விமானம் தாமதமானாலோ, பிசினஸில் இடமில்லை என்று பின்னால் அனுப்பினாலோ?

பாயிண்ட் டிக்கெட்தானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பிரிட்டனின் பயணிகள் உரிமைச் சட்டம் பாயிண்டில் வாங்கிய டிக்கெட்டுக்கும் பொருந்தும். கம்பெனியின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 220 பவுண்டு, அதற்கு மேல் 3,500 வரை 350 பவுண்டு. கீழ் வகுப்புக்கு மாற்றினால் டிக்கெட் விலையில் முறையே 30, 50 சதவீதம் திரும்ப வர வேண்டும். போர்டிங் பாஸை எறியாமல் இரண்டையும் வைத்திருங்கள், முதலில் தந்ததையும் மாற்றித் தந்ததையும். விண்ணப்பத்தை வீட்டுக்கு வந்து ஆன்லைனில் போட்டால் போதும், வாசலில் நின்று சண்டை போட வேண்டியதில்லை.